சாணுக்கு ஒரு விரல்

ஏழெட்டு வயதில் நான் மாடாக இருந்தேன். யாரும் என்னை அப்படித் திட்டியதாக நினைக்க வேண்டாம். அது என் வேலை. அக்கா வண்டி செய்வாள், நான் நுகத்தடியில் கட்டிய கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுவேன். ஆசாரி அவள், மாடு நான். இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. நல்ல மாடு என்று அக்கா என் முதுகில் தட்டிக்கொடுக்கும்போது எனக்குக் கால் தரையில் பாவாது.

எங்கள் ஊர் தேவாரத்துக்குக் கிழக்கே, கண்மாய்க்கரையை ஒட்டி இருந்தது. அப்போது மேற்கு மலையில் பெரியாற்றை மறித்து அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் இருந்த வண்டிகளில் பாதி சுண்ணாம்பும் அரிசியும் ஏற்றிக்கொண்டு குமுளி மலையில் ஏறிக்கொண்டிருந்தன. எங்கள் அய்யாவும் வண்டி கட்டிக்கொண்டு போய்விட்டு, மாதத்துக்கு ஒருமுறை தாடியோடு வந்து சேருவார். ஊரில் எங்கே நின்றாலும் வண்டிப் பேச்சுதான். யார் மாடு மலையில் படுத்துவிட்டது, யார் அச்சு முறிந்தது, துரை யாருக்கு மறு நடை கொடுத்தார் என்று கிணற்றடியில் பெண்கள்கூட அதைத்தான் பேசினார்கள். அப்படி ஒரு ஊரில் பிள்ளைகள் மட்டும் வேறு எதை வைத்து விளையாடும்?

பங்குனிப் பொங்கலுக்கு மறுநாள் காலையில் பெரியவர்களின் மாட்டு வண்டிப் பந்தயம் நடக்கும். வெயில் தாழ்ந்ததும் பிள்ளைகளின் வண்டிப் பந்தயம். அதற்கென்று ஆளாளுக்கு ஒரு வண்டி செய்து வைத்திருப்பார்கள். கையில் தூக்கிக்கொள்ளும் அளவுதான் இருக்கும். காளியம்மன் கோவில் வாசலில் புறப்பட்டு, கண்மாய் மடைக்குப் பக்கத்தில் நட்டிருக்கும் கல்லைச் சுற்றிக்கொண்டு திரும்பவும் கோவிலுக்கு வந்து சேர வேண்டும். வண்டி கவிழ்ந்தாலோ சக்கரம் கழன்றாலோ அதோடு சரி. பெரும்பாலான வண்டிகள் மடையைப் பார்க்காமலே உயிரை விட்டுவிடும். நுங்கு தின்று எறிந்த கூந்தலில் சக்கரம், சோளத்தட்டையில் அச்சு என்று இருந்தால் வேறு என்ன நடக்கும்.

அக்காவின் வண்டி அந்தக் கூட்டத்தில் சேர்த்தி இல்லை. அவள் பொம்மை செய்யவில்லை, வண்டி செய்தாள். அதுவும் ஏதோ ஒரு வண்டி கிடையாது, எங்கள் மாமாவின் பந்தய வண்டி. ஆத்தாவுடன் பிறந்தவர் மாமா. அடுத்த தெருவில்தான் வீடு. அவருடைய பந்தய வண்டியைத் தெரியாதவர்கள் அல்லிநகரம் வரைக்கும் கிடையாது என்று அவரே சொல்லிக்கொள்வார். அக்கா அந்த வண்டிக்குக் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டு கையால் சாண் போட்டு அளப்பாள். சக்கரம் இத்தனை சாண், ஏர்க்கால் இத்தனை சாண் என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்து, அதே கணக்கில் விரலை வைத்துக் கட்டையில் கோடு கிழிப்பாள். சாணுக்கு ஒரு விரல். இதுதான் அவளுடைய சாத்திரம். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டால், "பெரிசச் சின்னதாக்கணும்னா எல்லாத்தையும் ஒண்ணுபோலச் சின்னதாக்கணும்ல, இதுல என்னத்தச் சொல்லிக் குடுக்க" என்பாள்.

சக்கரத்தின் வெளிவளையமான வட்டைக்குப் பூவரசு, ஆரக்காலுக்கு மூங்கில் சிராய், நடுவில் இருக்கிற குடத்துக்கு வாகைக் கட்டை. மலையில் ஒரு துரை வீசிவிட்டுப் போன குடையை அய்யா கொண்டுவந்திருந்தார். அதன் கம்பி அச்சாயிற்று. குடத்துக்குள் தகரத்தைச் சுருட்டிக் குழல் மாதிரி செருகி, விளக்கெண்ணெய் விட்டு, சக்கரத்தைச் சுண்டிவிட்டால் நான் ஒரு வாய்ச் சோற்றை மென்று விழுங்கி முடிக்கும்வரை அது சுற்றும். வட்டையைச் சுற்றித் தகரப் பட்டை. நுகத்தடி வரை நீளும் மாமா வண்டியின் ஏர்க்காலில் இடப்பக்கம் ஒரு வெடிப்பு இருந்தது, அதை மாட்டுத்தோல் வாரால் இறுக்கிக் கட்டியிருப்பார். அக்கா தன் ஏர்க்காலிலும் அதே இடத்தில் ஒரு வெடிப்பை உண்டாக்கி, எங்கிருந்தோ ஒரு செருப்பு வாரைக் கிழித்து அதே மாதிரி கட்டினாள்.

"உடையாத கம்ப எதுக்குக்கா உடைக்கிற?" என்று கேட்டேன்.

"மாமா வண்டி அப்படித்தானடி இருக்கு."

இதற்கு மேல் அவளிடம் பேச முடியாது. அவளைப் பார்த்து எனக்கு அப்போதே ஒரு பயங்கலந்த மரியாதை. அவளுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயது இருக்கும். மெலிந்த கை. அந்தக் கையில் உடைந்த அரிவாள் துண்டு ஒன்று எப்படி அத்தனை பணிவாக நடந்துகொண்டது என்று இன்றும் எனக்கு ஆச்சரியம்தான். நானும் இந்த வயது வரைக்கும் எத்தனையோ கெட்டிக்காரர்களைப் பார்த்துவிட்டேன். அக்காவுக்குப் பக்கத்தில் நிறுத்தலாம் என்று ஒருவரும் அகப்படவில்லை.

அந்த வருஷம் எங்களுக்கு எதிரி, மாமாவின் மகன். அக்காவைவிட மூன்று நான்கு வயது மூத்தவன். அவனுக்கு மாமா ஊர் ஆசாரியை வைத்தே வண்டி செய்துகொடுத்திருந்தார். செம்மண் சாந்து பூசி, மஞ்சள் கோடு போட்டு, பார்க்கக் கண்ணைப் பறிக்கும். அக்கா அதை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு, "பாரம் சாஸ்தி. திரும்புற எடத்துல தெரியும்" என்று மட்டும் சொன்னாள். எனக்கு அது போதும். அவள் சொன்னால் நடக்கும்.

பொங்கலுக்கு நான்கைந்து நாள் இருக்கும்போது எங்கள் வீட்டில் ஒரு காரியம் நடந்தது. காலையில் எழுந்தபோது அக்காவைக் காணோம். பின்கட்டில் பெண்கள் கூடிக் குலவை போட்டார்கள். அக்காவின் பக்கத்தில் போகக் கூடாது என்று என்னைத் தடுத்துவிட்டார்கள். ஏன் என்றதற்கு ஆத்தா, "அக்கா பெரிய மனுசியாயிட்டா" என்றாள். எட்டிப் பார்த்தேன். நேற்று இருந்த உயரம்தான் இருந்தாள்.

மத்தியானம் மாமாவே வந்தார். பச்சைத் தென்னங்கீற்றைத் தலையில் சுமந்து வந்து, எங்கள் முற்றத்து மூலையில் கம்பு நட்டு, ஒரு சின்னக் குடிசை கட்டினார். அத்தனை சிரத்தையாக அவர் ஒரு வேலை செய்து நான் பார்த்ததில்லை. கட்டி முடித்ததும் அக்காவை அதற்குள் உட்கார வைத்தார்கள். தனித் தட்டு, தனிச் செம்பு, தனிப் பாய். வெளியே வரக் கூடாது. வாசலில் ஒரு உலக்கையைக் குறுக்கே போட்டார்கள்.

எனக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. பந்தயம் நெருங்குகிறது. மாமா மகன் ஜெயிக்க வேண்டும். எங்கள் ஆசாரியை மாமா சிறையில் அடைத்துவிட்டார். இல்லாவிட்டால் ஊரில் இத்தனை பேர் இருக்க, அவர் எதற்காகத் தன் கையாலேயே கீற்று சுமந்து வந்து கட்ட வேண்டும்? பெற்ற ஆத்தாவும் அதற்கு உடந்தை. உளுந்தங்களி கிண்டி உள்ளே கொடுத்துக்கொண்டிருந்தாள்.

யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கீற்று இடுக்கில் வாயை வைத்து, "அக்கா, ஒன்னய எதுக்கு அடச்சு வச்சிருக்காகன்னு எனக்குத் தெரியும்" என்றேன்.

உள்ளேயிருந்து மெதுவாக, "எதுக்காம்?" என்றாள்.

"மச்சான் செயிக்கணும்னு."

அவள் சிரித்திருப்பாள் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது சிரிப்புச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. "இருக்கும்டி" என்றாள்.

"நாம செயிச்சுட்டா விட்டுருவாகளா?"

"மொதல்ல செயிச்சுட்டு வா."

அதோடு என் உயிர் அந்தப் பந்தயத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. தினமும் மடைக்கல் வரைக்கும் வெறுங்கையாக ஓடிப் பழகினேன். அக்கா இல்லாத வண்டியை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பது மட்டும் தெரியவில்லை. பங்குனி வெயிலில் அது உத்தரத்துக்குக் கீழே சும்மா இருந்தபடியே கெட்டுப்போயிருந்தது. பந்தயத்துக்கு முதல் நாள் காலையில் எடுத்து உருட்டினேன். கடகடவென்று ஆடியது. மரம் காய்ந்து சுருங்கி, தகரப் பட்டை வட்டையில் நிற்காமல் வளையல் மாதிரி சுற்றியது. ஆரக்கால் ஒவ்வொன்றும் விழப்போகிற பல்.

வண்டியைக் கீற்று இடுக்கு வழியாக உள்ளே தள்ளினேன். அக்கா வாங்கிக்கொண்டாள். உள்ளே அவள் தட்டும் சத்தமும், எதையோ பல்லால் கடித்து இறுக்கும் சத்தமும் கேட்டன. "ஒரு ஆரக்கால மாத்திட்டேன். ஆனா இன்னும் இறுகல. இதுக்கு என்ன செய்யணும்னா..." என்று சொல்லிக்கொண்டே வண்டியை வெளியே நீட்டினாள். நான் வாங்கித் திரும்பினேன். எதிரே அத்தை நின்றுகொண்டிருந்தாள்.

அத்தை அய்யாவின் அக்காள். எங்களோடுதான் இருந்தாள். ஆசாரம் என்றால் அவளுக்கு அடுத்துத்தான் மற்றவர்கள். "தீட்டுக்காரி கை பட்டதத் தூக்கிக்கிட்டு எங்கன போற?" என்று வண்டியைக் குச்சியால் தட்டிப் பறித்து, அப்படியே மாட்டுத் தொட்டியில் போட்டு முக்கினாள். என்னையும் ஒரு குடம் தண்ணீரில் நனைத்தாள். வண்டி அடியில் போய்த் தங்கிவிட்டது. அதை எடுக்கக் கூடாது, சாயங்காலம் வரை அங்கேயே கிடந்தால்தான் தீட்டுப் போகும் என்று சொல்லி, தொட்டிக்குப் பக்கத்திலேயே முறத்தோடு உட்கார்ந்துகொண்டாள்.

நான் அழுத அழுகையில் தெருவே வந்து எட்டிப் பார்த்தது. வண்டி போய்விட்டது. அக்கா இனிமேல் வெளியே வரமாட்டாள். அந்தப் பச்சைக் கீற்று காய்ந்து, உதிர்ந்து, அவள் உள்ளேயே கிழவியாகிவிடுவாள். அத்தை வீட்டுக்குள் போன ஒரு நொடியில் குடிசைக்கு ஓடி, "தண்ணிக்குள்ள போட்டுட்டாகக்கா" என்று விக்கினேன்.

"நானும் அதத்தானடி சொல்ல வந்தேன்."

எனக்குப் புரியவில்லை.

"மலைக்குப் போறப்ப அய்யா வண்டிய ஆத்துக்குள்ள எறக்கி எதுக்கு நிப்பாட்டுறாக? மாட்டுக்குத் தண்ணி காட்ட மட்டுமா? மரம் ஊறுனா உப்பும். உப்புனா பட்டய இறுக்கிப் பிடிக்கும். நல்லா ஊறட்டும். நீ போயி மூஞ்சியக் கழுவு."

"அச்சு பிடிச்சுக்கிட்டா?"

"அங்கன தகரக் கொழலு இருக்குல்ல. தகரம் எங்கயாச்சும் உப்புமா?"

சாயங்காலம் அத்தையே தூக்கித் தந்தாள். சக்கரம் ஒரே கட்டையில் கடைந்தது மாதிரி கிண்ணென்று இருந்தது. சுண்டிவிட்டேன். சோறு மெல்லாமலே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலைப் பந்தயத்தில் மாமா ஜெயித்தார். தன் வண்டியை விடியற்காலையிலேயே வாய்க்காலில் இறக்கி நனைத்து எடுத்தவர், மகனின் வண்டியை நினைக்கவில்லை. அது சின்ன வண்டிதானே என்று விட்டிருப்பார். சாயங்காலம் கோவில் வாசலில் பிள்ளைகள் வரிசையாக நின்றோம். வழக்கமான ஒப்பந்தம்தான், ஜெயித்தவர் கேட்பதைத் தோற்றவர் தர வேண்டும். பெரும்பாலும் புளியங்காய், பம்பரம், மிஞ்சிப்போனால் ஒரு கோழிக்குஞ்சு. பாவாடையை ஏற்றிச் செருகிக்கொண்டு நான் ஒருத்திதான் பெண்ணாக நின்றேன்.

"ஏலே, மாடு சின்னதா இருக்கு" என்று யாரோ கேலி செய்தார்கள்.

பாதித் தூரத்திலேயே வரிசை கலைந்துவிட்டது. மடையை நெருங்கும்போது முன்னால் மாமா மகன், பின்னால் நான். மற்றவர்கள் புழுதியில் சக்கரம் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு நீளமான கால். எட்ட முடியாது என்று தெரிந்தது. அவன் கல்லைச் சுற்றித் திரும்பினான். பாரம் முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்ததும், காய்ந்து கிடந்த அவன் சக்கரத்திலிருந்து பட்டை கழன்று பாய்ந்தது. பட்டைக்குப் பின்னாலேயே வட்டை நான்கு துண்டாகப் பிரிந்தது. அந்த மஞ்சள் கோடு போட்ட வண்டி மூக்கால் மண்ணை உழுதுகொண்டு நின்றது. நான் கல்லைச் சுற்றினேன். அக்காவின் வண்டி ஒற்றைச் சக்கரத்தில் எழும்பி, ஒரு மூச்சு யோசித்து, இரண்டு சக்கரத்திலும் இறங்கி என் பின்னால் ஓடி வந்தது. அப்புறம் கோவில் வாசல் வரை நான் எதையும் பார்க்கவில்லை.

மாமா வண்டியைக் கையில் எடுத்தார். சிரித்துக்கொண்டுதான் எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்க்கப் பார்க்கச் சிரிப்பு அடங்கியது. சக்கரத்தில் விரல் வைத்து அளந்தார். ஏர்க்காலில் இருந்த தோல் வாரைத் தடவினார்.

"இது என் வண்டி" என்றார்.

"இல்ல, எங்கக்கா வண்டி" என்றேன்.

"யாரு அளவெடுத்துக் குடுத்தாக?"

"அவளேதான். சாணுக்கு ஒரு வெரலு."

கூட்டம் கலைந்த பிறகும் மாமா வண்டியை மடியில் வைத்துக்கொண்டு கோவில் படியிலேயே உட்கார்ந்திருந்தார். தோற்ற துக்கம் என்று நினைத்தேன்.

ஜெயித்துவிட்டேன், ஆனால் அக்காவை உடனே விடவில்லை. பெரிய இடங்களில் எல்லாவற்றுக்கும் தாமதம் ஆகும் என்று பொறுத்துக்கொண்டேன். கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் குடிசையைப் பிரித்தார்கள். அக்காவுக்குத் தண்ணீர் ஊற்றி, பட்டுச் சேலை கட்டி, பூ வைத்து, கூடத்தில் மணையில் உட்கார வைத்தார்கள். தெருவில் மேளம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். மாமா வீட்டார் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். தட்டுத் தட்டாகத் தேங்காய், பழம், வெல்லம், சேலை, வளையல், ஒரு ஜதை தங்கத் தோடு. கடைசியில் மாமா மகன் புது வேட்டியில், தலையைக் குனிந்துகொண்டு வந்தான். தோற்றவர்கள் இப்படித்தான் வந்து கட்ட வேண்டும். என் மனது குளிர்ந்துவிட்டது. ஒரு பம்பரம் கேட்டிருந்தாலே போதும், இத்தனையையும் அவர்களாகவே கொண்டுவந்துவிட்டார்களே என்று மாமாவின்மேல் மதிப்புக்கூட வந்தது.

பெரியவர்கள் வெற்றிலையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மலையிலிருந்து வந்திருந்த அய்யாவும் இருந்தார். "வர்ற வைகாசியிலயே கல்யாணத்த முடிச்சுருவோம், தள்ளிப்போட வேணாம்" என்று அத்தை சொல்லிக்கொண்டிருந்தாள். யாருக்கோ கல்யாணம், பாயசம் உண்டு என்ற அளவில் அது என் காதில் விழுந்தது. நான் அக்காவிடம் போய், "தோத்ததுக்கு எம்புட்டுக் கொண்டாந்திருக்காக பாத்தியா. இன்னும் என்ன வேணும் சொல்லு, கேட்டதத் தந்துதான ஆகணும்" என்றேன்.

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். பெரியவர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தாள். என் காதோடு குனிந்து, "ஒரு வருசம் கேளு" என்றாள்.

"வருசமா?"

"ஆமா. மாமாகிட்டயே போயிக் கேளு."

போனேன். வெற்றிலைத் தட்டைத் தாண்டி, மாமாவுக்கு நேரே நின்று, "மாமா, தோத்தவுக கேட்டதத் தரணும்ல?" என்றேன்.

"தரணும்" என்றார் மாமா.

"அக்காவுக்கு ஒரு வருசம் வேணுமாம்."

அத்தை என்னை இழுக்கக் கை நீட்டினாள். அய்யா அந்தக் கையைத் தடுத்தார். மாமா மணையில் இருந்த அக்காவைப் பார்த்தார். அக்கா தலையைக் குனியவில்லை. மாமா தன் மகனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தபடியே, "நாந்தான தோத்தேன், குடுங்கப்பா" என்றான்.

"சரித்தான். ஒரு வருசம் குடுத்தாச்சு" என்றார் மாமா. வெற்றிலைத் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

ஆத்தா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அக்கா என்னைக் கூப்பிட்டு மடியில் உட்கார வைத்து, மூச்சு முட்ட இறுக்கிக்கொண்டாள். எனக்கோ அவள்மேல் தீராத கோபம். அத்தனை தட்டு எதிரே இருக்கிறது, தருகிறேன் என்று ஆளும் இருக்கிறார். கால் கொலுசு கேட்டிருக்கலாம், பால் மாடு கேட்டிருக்கலாம். வருஷம் யாரும் தராமல், கேட்காமல் எல்லார் வீட்டுக்கும் தானாகவே வருகிறதே, அதைப் போய் யாராவது கேட்டு வாங்குவார்களா? இவ்வளவு கெட்டிக்காரியான அக்கா இந்த ஒரு காரியத்தில் ஏமாந்துவிட்டாளே என்று அன்று ராத்திரி வரைக்கும் அவளோடு பேசவில்லை.